டிக்கி இல்லாத கார்

கொட்டாஞ்சேனையில் ஒரு மேசை, ஒரு டெலிபோன், ஆறு கார்: மர்ஸூக் முதலாளியின் கம்பனி அவ்வளவுதான். வெள்ளவத்தையில் யாருக்கு விசா வந்தாலும் மறுநாள் அந்த டெலிபோன் அடிக்கும். யுத்த காலத்தில் எங்கள் சனங்கள் மனப்பாடமாக அறிந்திருந்த ஒரே பாதை காலி வீதியில் தொடங்கிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முடிந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பெற்றோல் விலை ஏறின ஏற்றத்தில், முதலாளி ஒரு காரை மட்டும் கேஸுக்கு மாற்றினார். மருதானைக் கராஜில் டிக்கிக்குள் சிலிண்டரைப் படுக்கவைத்தார்கள். சீதனத்தோடு வந்த மருமகன் மாதிரி அது முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது.

"மூணு மாசம் ஓடிப் பாப்போம். சரிவந்தா ஆறையும் மாத்துறன். சரிவராட்டி இத வித்துடுவன்" என்றார் முதலாளி. கார் போனால் ஓட்டுகிறவனும் போவான். அதை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

ஐந்து டிரைவர்மார் கையை விரித்தார்கள். ஒரு பொறி பட்டால் கார் பறந்துபோய்க் களனி விகாரை முற்றத்தில்தான் இறங்கும் என்று ஹியூபேட் மாதாமேல் சத்தியம் பண்ணினான். மிஞ்சினவர் சவுந்தரநாயகம். கடைசியாகச் சேர்ந்தவர், மறுக்க வாயில்லை. இடம்பெயர்ந்த ஆண்டில் மனைவியைப் பறிகொடுத்து, மகள் கௌரியோடு வெள்ளவத்தையில் ஒற்றை அறையில் இருந்தார்.

அவர் பயந்தது வெடிக்கு அல்ல, செக்பொயின்டுக்கு. தமிழன், டிக்கியில் சிலிண்டர். முதல் நாள் பாலத்தடியில் நாலு துவக்கு ஒன்றாக நிமிர்ந்தன. அதன்பிறகு கேட்கமுதலே இறங்கி, டிக்கியைத் திறந்து, கராஜ் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டப் பழகினார். மாதம் ஒன்றில் ஆமிக்காரர் "கேஸ் அங்கிள்" என்று கையசைக்கத் தொடங்கினார்கள். பல நாட்களில் அவரோடு வாய் திறந்து கதைத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கனடா போகிறவருக்கு ஆளுக்கு இரண்டு சூட்கேஸ். ஒன்றில் மிளகாய்த்தூள், மற்றதில் அம்மியைத் தவிர மிச்சமெல்லாம். டிக்கி இல்லாத காரை யார் கூப்பிடுவது?

மூன்று மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் கௌரியின் பயணம் வந்தது. கலியாணம் கனடாவில்.

"அப்பா, ஹியூபேட் அண்ணையின்ரை காரிலை போவமே. பெட்டி வைக்கலாம்."

"பெத்த பிள்ளையையே ஏத்தாத கார் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவான். பெட்டியை மட்டும் அவன்ரை டிக்கியிலை போட்டாலும் கதை அதுதான்."

"அப்ப சிலிண்டரைக் கழட்டுங்கோ."

"கழட்டினா மூண்டு மாசமும் தண்ணியிலை."

புறப்படுகிற அன்று மகளைத் தானே ஏற்றிப்போக வேண்டும் என்ற ஆசையை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விடிந்ததும் சூட்கேஸ் இரண்டையும் பின் சீற்றில் நிமிர்த்தி வைத்து, மனைவியின் பழைய சேலையால் சுற்றிக் கட்டினார். மணவறையில் இருத்தினது போலிருந்தது. கௌரியை முன்னால் ஏற்றினார். அவள் குள்ளம், வீதி தெரியவேண்டும் என்று சீற்றை நன்றாக முன்னுக்கு இழுத்துவிட்டாள்.

"அத்தான், நாங்கள் எங்கை இருக்கிறது? கூரையிலையோ?" என்று சித்தி இரத்தினம்மா கத்தினாள். பிறகு தானே கம்பனிக்கு அடித்து, ஹியூபேட்டின் காரைப் பிடித்துப் பின்னால் வந்தாள்.

பாலத்தடி ஆமிக்காரன் கௌரியைப் பார்த்து, "துவத?" என்றான். "ஓவ், மகள்தான்" என்றார் சவுந்தரநாயகம், இரண்டு பாஷையிலும். வழி முழுக்க அப்பாவும் மகளும் பேசிக்கொண்டது காரின் பொக்கற்றில் கிடந்த பெப்பர்மிண்டைப் பற்றி மட்டுந்தான்.

திரும்பி வரும்போது அதே இடத்தில் இறங்கி டிக்கியைத் திறந்தார். ஆமிக்காரன் டிக்கியைப் பார்க்கவில்லை. குனிந்து முன் சீற்றைப் பார்த்தான்.

"தனியமத, அங்கிள்?"

"ஓவ்."

மர்ஸூக் முதலாளிக்கோ சந்தோஷத்தில் ஒரே புளுகம். "பொட்டிக்கு ஒரு கார், அழுகுற ஆக்களுக்கு ஒரு கார்! ஒரு பயணத்துக்கு ரெண்டு ஹயர் ஈக்கிதே, அண்ணே!" மாதம் முடியமுதல் ஆறு காரும் கேஸுக்கு மாறின. ஹியூபேட்டும் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஏறினான்.

சவுந்தரநாயகத்துக்கு வேலை நிலைத்தது. ஒரே ஒரு முறைப்பாடுதான்: ஆறடி மனுசரும் முழங்காலை நாடியில் முட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்து போனார்கள். சீற்றைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னால், "அது இறுகிப்போச்சு, ஐயா" என்பார்.