அக்கா சுருக்கிய சாலை

அக்கா பல வருடம் மற்றவர்களின் முகப்பருவைத் துடைத்தாள். ஸ்டுடியோவில் அதுதான் அவள் வேலை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவருக்குக் கணினியிலேயே கோட்டு மாட்டிவிடுவாள். குடும்பப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட சித்தப்பாவுக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைப்பாள். சண்டை போட்டுப் பிரிந்துபோன மருமகனைப் படத்திலிருந்து தடயமே இல்லாமல் கிளப்பிவிடுவாள். ஒருமுறை அப்படிக் கிளப்பப்பட்டவர் சமாதானமாகித் திரும்பி வந்துவிட்டார். "இனிமே யாரையும் அழிக்கிறதில்ல. ஓரமா நிறுத்தி வெச்சுக்கிறேன்" என்றாள்.

அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய பொறுமையைப் பற்றிச் சொல்கிறார்கள். பொறுமைசாலிதான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவள் ஜெயித்த ஒரு விஷயம்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பெரிய சரிவில் இறங்கும்போது அவர் வண்டியின் பிரேக் அறுந்துவிட்டது. கீழே சிக்னலில் ஆட்கள் நின்றார்கள். மாமா வண்டியை ஒடித்து ஓரத்துச் சுவரில் உரசி நிறுத்தினார். ஒரு பெண்மணிக்குக் கை முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. விசாரணையில் தவறு வண்டியுடையது, ஓட்டியவருடையது அல்ல என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணியே வீட்டுக்கு வந்து, "உங்களாலதாங்க உயிரோட இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மாமாவின் கைகளுக்கு அது எதுவும் எட்டவில்லை. ஸ்டீயரிங்கில் வைத்தால் நடுங்கின. டிப்போவில் அவரை டயர் கிடங்குக்கு அனுப்பினார்கள். மாலையில் வந்தால் ரப்பர் வாடையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பேருந்துச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார். டிப்போ மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனாலும் ஒரு கெடு வைத்தார்: வருடக் கடைசிக்குள் அதே தடத்தில் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் கிடங்கே நிரந்தரம்.

"கிடங்கும் வேலைதானே" என்றேன் அக்காவிடம்.

"வேலைதான். ஆனா கல்யாணம் ஆன புதுசுல இந்த மனுஷன் தூக்கத்துல கியர் மாத்துவாரு, தெரியுமா? என் முழங்காலைப் பிடிச்சு. அவரைத் திருப்பிக் கொண்டு வரணும்."

எப்படி என்று அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஸ்டுடியோ மொட்டைமாடியிலிருந்து நாற்சந்தியை ஒரு படம் எடுத்திருந்தாள். முகங்களுக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கும் கருவி ஒன்று அவள் கணினியில் உண்டு. வேலையில்லாத ஒரு மதியம், அதை அந்தப் படத்தின் மேல்பாதியிலும் அடியிலும் போட்டாள். நடுவில் ஒரு பட்டை மட்டும் துல்லியமாக நின்றது. வண்ணத்தை ஏற்றினாள். அவ்வளவுதான், சாலை பொம்மைக் கடைக்குப் போய்விட்டது. பேருந்துகள் தீப்பெட்டி அளவு ஆயின, மனிதர்கள் மெழுகில் செய்து நட்டு வைத்தது போல நின்றார்கள். மிக அருகில் குனிந்து சின்னப் பொருளைப் பார்க்கும்போதுதான் முன்னும் பின்னும் அப்படி மங்கும். அதனால் கண் தானாக ஏமாந்துவிடுகிறது.

படத்தைத் தாளில் அச்செடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் ஒன்றும் சொல்லாமல் வைத்தாள்.

"யார் செஞ்ச பொம்மை இது?" என்றார் மாமா.

"ஒரு இடத்துல வெச்சிருந்தாங்க."

"செஞ்சவனுக்கு பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் தெரியல. இதை இப்படி நிறுத்தினா பின்னாடி வர்றவன் எப்படித் திரும்புவான்?"

"எப்படி நிறுத்தணுமாம்?"

அவர் விரலைப் படத்திலிருந்த ஒரு சிவப்புப் பேருந்தின் மேல் வைத்து இடப்பக்கம் இழுத்தார். "இப்படி." பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார். "இது நம்ம விசில் மாதிரியே இருக்கே. தொப்பையைக் கூட விடல."

விசில் என்பது அவருடன் பல வருடம் ஓடிய நடத்துநரின் பட்டப்பெயர்.

"அவரேதான்" என்றாள் அக்கா.

மாமா நிமிர்ந்து பார்த்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "அடிப்பாவி! ஊரையே பொட்டலம் கட்டிட்டியே!"

அதன் பிறகு வாரம் ஒரு படம் வந்தது. டிப்போ வாசல், மேம்பாலம், சந்தைத் திருப்பம் என்று அந்தத் தடத்தில் எங்கெல்லாம் உயரமான கட்டடம் இருக்கிறதோ அங்கெல்லாம் காவலாளியைத் தாஜா பண்ணி ஏறினாள். மாமா மேசையில் படத்தை விரித்து, விரலால் பேருந்தை ஓட்டுவார். சின்னக் குழந்தை மாதிரி வாயால் சத்தம் வேறு. விசில் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஓட்டுங்க ஓட்டுங்க. இந்த வண்டிக்கு டீசல் மிச்சம்" என்று கிண்டலடித்தார். "டிக்கெட் கொடுடா முதல்ல" என்றார் மாமா.

எல்லாம் சரி. சரிவு மட்டும் பாக்கி. அக்கா அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கெடு நெருங்கியது. கடைசியில் சரிவுக்கு எதிரே இருந்த வாகன நிறுத்தக் கட்டடத்தின் உச்சிக்குப் போய் எடுத்தாள். அன்று கணினி முன் மாமாவை உட்காரவைத்து, திரையில் அதைத் திறந்தபோது நானும் இருந்தேன். அதே சுவர். பூசிய இடம் மட்டும் புதுச் சிமெண்ட்டில் வெளுத்துத் தெரிந்தது. ஒரு பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

மாமா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"இது பொம்மை மாதிரி இல்ல" என்றார் கடைசியில்.

"ஏன்?"

"அந்த விளக்குக் கம்பத்தைப் பாரு. கால் பளிச்சுன்னு இருக்கு. தலை மட்டும் பனிமூட்டத்துல இருக்கு. ஒரே கம்பத்துக்கு ரெண்டு கண்ணாடியா போட்டிருக்க?"

அவர் சொன்னது சரி. இந்த வேலையில் எல்லோரும் செய்கிற தவறு அது. மங்கலை நேர்கோட்டில் இழுத்துவிட்டால், துல்லியமான பட்டையில் கால் ஊன்றி உயரமாக நிற்கும் பொருளின் தலை மங்கலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதை ஓரம் ஓரமாகக் கோடு கட்டிப் பிரித்து, அதற்கு மட்டும் மங்கலை நீக்க வேண்டும். இத்தனை வருட அனுபவத்தில் அக்கா அதில் தவறியது அந்த ஒரு படத்தில்தான். பயத்தில் அவசரப்பட்டிருக்கிறாள்.

"குறை சொல்லத் தெரியுதில்ல, நீங்களே சரிபண்ணுங்க" என்று மவுசை அவர் கையில் திணித்தாள்.

மாமா கம்பத்தின் அடியிலிருந்து தொடங்கினார். மயிரிழை பிசகினாலும் கோடு வானத்துக்குள் போய்விடும் வேலை அது. மூச்சை அடக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கம்பத்தின் ஓரமாகவே ஏறி, விளக்கைச் சுற்றி, மறுபக்கம் இறங்கினார். கோடு கோணவில்லை.

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"சரி, அந்தச் சுவரோட ஓரத்தையும் கட்டுங்க" என்றாள் சாதாரணமாக. கட்டினார். "பஸ்ஸையும்." அதையும் கட்டினார். முடித்த பிறகுதான் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு மேனேஜரைப் பார்க்கிறேன்" என்றார்.

ஓட்டிக் காட்டும் நாளில் அக்கா கேமராவோடு அதே நிறுத்தக் கட்டடத்தின் உச்சியில் நின்றாள். நான் பக்கத்தில். மேலே சரிவின் முனையில் சிவப்பு தெரிந்தது. மாமா ஓட்டுநர் இருக்கையில், பின்னால் மேனேஜர், படிக்கட்டில் விசில். வண்டி மெதுவாக இறங்கியது. வெளுத்த சுவரைத் தாண்டியது. விளக்குக் கம்பத்தைத் தாண்டியது. சிக்னல் கோட்டில் வந்து, ஒரு பால் குவளை வைத்திருந்தால் கூடச் சிந்தாதபடி நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து மாடியைப் பார்த்து ஆடியது. விசில் தன் பெயருக்கு ஏற்றபடி ஊதித் தள்ளினார். நான் கத்திய கத்தலில் காவலாளி ஓடி வந்தார்.

அக்கா எடுத்தது ஒரே படம். அதைத் திறந்து பார்த்தால் முழுவதும் மங்கல். மேலே, கீழே, நடுவில், எங்கேயும் ஒரு துல்லியமான பட்டை இல்லை. அவளுடைய கை அப்படி ஆடியிருந்தது.

"இப்ப யாருக்குக் கை நடுங்குது?" என்றார் மாமா.

"போங்க அந்தப் பக்கம்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் படங்களிலேயே சுருக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். அதைத்தான் மாமா இருப்பதிலேயே பெரிய அளவில் அச்செடுத்துக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் என்ன இது, சிவப்பாக ஒரு தீற்றல்தானே தெரிகிறது என்று கேட்பார்கள். "நான்தான். வர்ற வேகத்தைப் பாருங்க" என்பார் மாமா. உடனே சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்: "இருபதுலதான் வந்தாரு!"

போன வாரமும் ஒருவர் கேட்டார். மாமா பணி முடிந்து வந்து, சீருடையைக் கூட மாற்றாமல் நின்றிருந்தார். "நான்தான். வர்ற வேகத்தைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இருபதுலதான் வந்தாரு" என்றேன் நான்.