ரெஃபரன்ஸ் பீரோ

அந்த நூலகரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது நானே தஞ்சாவூரில் ஒரு கல்லூரி நூலகத்தின் குறிப்புதவி மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். அப்படியும் மன்னிக்க மனம் வரவில்லை.

கடல் உள்ளே வந்து போன மார்கழிக்கு அடுத்த ஆவணி அது. நான் ஏழாம் வகுப்பு. எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அப்பா மீன் லாரியோடு வெளியூர் போய்விடுவார். இரண்டு ஏக்கர் வருகிற ஆறு மா நிலத்தையும் பார்த்துக்கொண்டது அப்பாவின் அக்கா, என் அத்தை. கடல்நீர் வடிந்த வயலில் சுண்ணாம்பு அடித்த மாதிரி உப்புப் பூத்துக் கிடந்தது. ஜிப்சம் போடு என்றார் ஒருவர். தண்ணீரைக் கட்டி வடித்தாலே போதும் என்றார் இன்னொருவர். எந்த நெல் தாங்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். வயல் பார்க்க வந்த வேளாண்மை அலுவலர், டவுன் லைப்ரரியில் தடித் தடியாகப் புத்தகம் இருக்கிறது, அதில் எல்லாம் விவரமாகப் போட்டிருக்கும் என்று பைக்கிலிருந்து இறங்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை பத்தாவது வரை படித்தவள். சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

புத்தகம் கண்ணெதிரே இருந்தது. நூலகரின் மேசைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ. உள்ளே உழவுத் தொழில் பற்றிய ஐந்து பாகங்கள், ஒரு தடவைகூடப் பிரிக்காதவை போல வரிசையாக நின்றன. அத்தை நின்றுகொண்டே கேட்டாள். அவர் தலை நிமிராமல் பதில் சொன்னார்.

“அது ரெஃபரன்ஸும்மா. குடுக்க முடியாது.”

“மெம்பரா சேந்தாக் குடுப்பீங்களாங்க?”

“யாரா இருந்தாலும் குடுக்க முடியாது. ரெஃபரன்ஸ்னு சொல்றேன்ல.”

வெளியே வந்ததும் அத்தை கேட்டாள். “அது என்னடி வார்த்தை, ரெஃபரன்ஸு?”

இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள் நான். யோசிக்கவே இல்லை. “தொடக் கூடாதுன்னு அர்த்தம்” என்றேன்.

அடுத்த வாரம் மறுபடி போனாள். நீங்களே ஒரு பக்கம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அதுக்கெல்லாம் இங்கே ஆள் கிடையாது என்று பதில் வந்தது. மூன்றாம் தடவை போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணி வரை வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். அதற்குமேல் பருவம் பொறுக்காது என்று எப்போதும் விடுகிற விதையையே நாற்றங்காலில் விட்டாள். முளைத்த நாற்று பன்னிரண்டாம் நாள் நுனி கருகியது. அடுத்த நாலு நாளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த வாரம்தான் நூலகத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காகப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் பள்ளியிலிருந்து இருபது பேரை, சீருடை கசங்காதவர்களாகப் பொறுக்கி அனுப்பினார்கள். “வாங்க கண்ணுங்களா” என்று வாசலிலேயே நின்று கூப்பிட்டவர் அதே நூலகர். பீரோ விரியத் திறந்திருந்தது. மேசை மேசையாகப் புத்தகங்களை எடுத்துப் பரப்பியிருந்தார். என் முன்னால் இருந்தது உழவுத் தொழில், மூன்றாம் பாகம்.

“பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காருங்க. பேசக் கூடாது.”

பிரித்தேன். உவர் நிலத்தில் நெல் சாகுபடி என்று கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதிகாரி வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரமும், அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. “என்னம்மா படிக்கிற?” என்று என் அருகில் நின்றார். நான் எழுந்தேன்.

“மேடம், இந்தப் புத்தகத்த எங்க அத்த மூணு தடவ வந்து கேட்டாங்க. ரெஃபரன்ஸுன்னு சொல்லிக் குடுக்கவே இல்ல. எங்க நாத்தெல்லாம் செத்துப் போச்சு.”

“வீட்டுக்குத்தாம்மா குடுக்கக் கூடாது. இங்க உக்காந்து யாரு வேணா படிக்கலாம். ரெஃபரன்ஸ்னா அதான்.”

நூலகர் அவசரமாகச் சொன்னார். “நான் படிக்க வேணாம்னு சொல்லவே இல்லையே மேடம்.”

உண்மைதான். அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கேட்டு வருகிறவரின் தயக்கத்தைப் போக்குவதுதான் இந்த வேலையின் முதல் பாடம். நூறு வருடங்களுக்கு மேலாகப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுகூட வேண்டாம். நாற்காலியைக் காட்டி “உக்காருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் நாற்று பிழைத்திருக்கும். அதிகாரி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். எங்கள் டீச்சர் என்னை முறைத்தார். புத்தகங்களைத் திரும்ப வாங்கி அடுக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்கு ஓடினேன். அத்தை இரண்டாம் தடவை விடுவதற்காக விதைநெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி சொன்னதைச் சொல்லி, நூலகர் முகம் போன போக்கை நடித்தே காட்டினேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

“சரி, அதுல என்ன போட்டிருந்துது?”

“எதுல?”

“புத்தகத்துலடி. உப்புக்கு என்ன செய்யணுமாம்?”

நான் படிக்கவில்லை. தலைப்புக்குக் கீழே ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

“எந்தப் பக்கம்னாவது பாத்தியா?”

“மூணாவது பாகம்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் நூலகத்தின் வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட அத்தை, ஜன்னலோர நாற்காலியில் மூன்றாம் பாகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். நூலகர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். இப்போது கேட்பாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் எழுதி முடித்து, சரிபார்த்து, தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். புத்தகத்தை அவர் மேசைமேல் வைத்தாள். “ரொம்ப நன்றிங்க” என்றாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள். என்னை அவள் பார்க்கக்கூட இல்லை.

அந்தத் தாளில் இருந்தபடி செய்துதான் எங்கள் வயல் அந்த வருடம் பச்சை கண்டது. ஆனால் அதன்பின் ஒரு வாரம் நான் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இவளுக்கு ரோஷமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.