சுருட்டுக்குப் பத்தியம்

மொசைக் தரையில் அதன் நகம் உரசும் சத்தம் எனக்குப் பழகியிருந்தது. அன்று காலை கேட்டது வேறு சத்தம். ஈரச் சாக்கை யாரோ இழுத்து வருவதுபோல் இருந்தது. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். சுருட்டு முன்னங்கால்களை மட்டும் ஊன்றி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் துவண்டு பின்னால் இழுபட்டன. அது கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சுருட்டு என் மாமனார் வளர்த்த டாஷண்ட் ஜாதி நாய். எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்துக்கு மருமகளாகப் போனபோதே அந்த வீட்டில் இருந்தது. உயர உயரமான வெள்ளை வேட்டை நாய்களைப் பார்த்துப் பழகிய ஊரில், அந்த நீள உடம்பையும் குட்டைக் காலையும் கண்டு சிரிக்காதவர் இல்லை. மாமனார் முன்னால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டார்கள். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்தார். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் என் கணவர் பாதிப் பேச்சில் நிறுத்திவிடுவார். அந்த வீட்டில் அவரை மறுத்து ஒரு சொல் நான் கேட்டதில்லை. அவர் இளகியது அந்த நாயிடம் மட்டும்தான். தன் தட்டிலிருந்து நெய்ச்சோறும் ஆட்டுக்கொழுப்பும் எடுத்து ஊட்டுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் அதற்கென்று தனியாகப் பால்கோவா வரும். வயிறு தரையில் உரச அது நடப்பதை எல்லோரும் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று சுருட்டைப் பலகையில் கிடத்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காரில் கொண்டுபோனோம். மாட்டு டாக்டர் அதன் முதுகைத் தடவிப் பார்த்து மருந்து எழுதினார். இந்த ஜாதிக்கு முதுகு நீளம், ஏறுகிற எடையெல்லாம் முதுகெலும்பில்தான் இறங்கும் என்றார். சில வாரம் அசையாமல் கிடக்க வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும், இன்னொரு தடவை இப்படி ஆனால் எழுந்திருக்காது என்றார். தோலும் கொழுப்பும் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, கொஞ்சம் சோறு, பீன்ஸ், கேரட், பரங்கிக்காய். நெய்யும் இனிப்பும் கூடவே கூடாது. மாமனார் என் பக்கம் திரும்பி, “இனிமே அதுக்குச் சோறு உன் பொறுப்பு” என்றார். இன்று நாய்க்கு என்ன போடலாம் என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அன்று எனக்கு அந்த டாக்டர் சொன்னது மட்டும்தான். அளவு கூடினால் முதுகு போய்விடும், குறைந்தால் உயிர் போய்விடும் என்ற பயத்தோடுதான் தினமும் அதன் கிண்ணத்தை நிரப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பலகை வைத்து அடைத்திருந்த மூலையிலிருந்து சுருட்டு முனகியது. மாமனார் தட்டிலிருந்து ஒரு கொழுப்புத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அத்தையும் என் கணவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“வேண்டாம் மாமா” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவர் திரும்பினார். “ஒரு வாய் குடுத்தா செத்தா போயிரும்?”

“நடக்க முடியாமப் போயிரும் மாமா.”

அவர் துண்டைத் தட்டிலேயே போட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவிப் போனார். சாயங்காலம் சோழபுரத்திலிருக்கும் என் அப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்து, கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் ஆள் அனுப்பவில்லை. மறுநாள் மாமனார் தட்டைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். சுருட்டின் முனகல் காதில் விழாமல் இருக்கத்தான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சுருட்டு மெல்ல இளைத்தது. பிறகு ஒரு நாள், பிறந்த கன்றுபோல் ஆடி ஆடிப் பின்னங்கால் ஊன்றி நின்றது. அது நின்றதைப் பார்த்தபின்தான் என் பயம் அதிகமானது. வாசற்படியை அது நெருங்கும்போதெல்லாம், குதித்துவிடுமோ என்று கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, மாமனார் அடுக்களை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. உள்ளங்கையில் ஒரு கேரட் துண்டு இருந்தது.

“இதக் குடுக்கலாமா தாயி?”

‘குடுங்க மாமா’ என்பதுபோல் தலையை ஆட்டினேன். நான் ஆட்டியதை நிச்சயப்படுத்திக்கொள்ள, அவர் இன்னும் செத்த நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.