எட்டாம் நம்பர் ஸ்டிக்

1. ஒன்று குறைகிறது

ஏழு ஸ்டிக்தான் இருந்தன. எட்டு இருக்க வேண்டும். இரண்டாம் தடவையும் எண்ணினேன், ஏழுதான்.

இன்று விளையாட வருகிறவர்களுக்கு இது ஒரு நெருக்கடியாகவே தோன்றாது. போர்க்காலத்தில் திருகோணமலையில் ஹொக்கி ஸ்டிக்கோடு சென்றியை, அதாவது சோதனைச்சாவடியை, கடக்க முடியாது. ஆகவே துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் எங்கள் கம்பனி, ஸ்டிக்குகளை மைதானத்துப் பக்கத்து ஸ்டோரிலேயே வைத்திருந்தது. அணிக்காரரின் ஸ்டிக் வேறு; வெளியிலிருந்து ஆட வருகிறவர்களுக்கென்று இந்த எட்டு. ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் நம்பர் போட்டிருக்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணி, வாசலில் நிற்கும் நேவிக்காரரிடம் கணக்குச் சொல்ல வேண்டும். நான் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞன். ஹொக்கி அணிக்குச் செயலாளர். எண்ணுவதில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. குறைந்தால் நேவிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

எட்டாம் நம்பர், கோல் கம்பத்துக்குப் பின்னால் றிஸ்வானின் மடியில் இருந்தது. அவன் குடாவுக்கு அப்பால் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் தெரிவு ஆட்டத்துக்கு வந்திருந்த இளைஞன். வெடித்துப்போயிருந்த ஸ்டிக்கின் கழுத்தைத் தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நைலோன் இழையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“தம்பி, என்ட நெஞ்சு நிண்டுபோகப் பார்த்தது. ஏன் இதைக் கொண்டுவந்து வைக்கேல்லை?”

“கொஞ்சம் பொறுங்க சேர். கட்டாம வச்சா அடுத்த வருசம் வந்தாலும் உடைஞ்சபடிதான் எனக்கு வரும்.”

“ஏன் உமக்கே வரும்?”

அவன் சிரித்தான். “லோஞ்சுல பிந்தி வாறவனுக்கு மிஞ்சுறதுதானே சேர் கிடைக்கும். மூணு முறையும் எனக்கு இவர்தான். இப்ப நானும் இவரும் சொந்தக்காரர்.”

2. விறகு

எங்கள் அணியில் ஆடியவர்களுக்குக் கம்பனி சம்பளம் கொடுத்தது. அரைநாள் வேலை, அரைநாள் ஹொக்கி. வருடத்துக்கு இரண்டு இளைஞர்களைப் புதிதாக எடுப்போம். எட்டுப் பேரை அழைத்து மூன்று தெரிவு ஆட்டம் வைத்து, கோச் துரைசிங்கமும் நானும் மாக்ஸ் போட்டு வரிசைப்படுத்துவோம். முதல் இருவருக்கு வேலை; கூடவே கம்பனி அடையாள அட்டை. அந்த அட்டை இருந்தால் சென்றியில் பாதிக் கேள்வி குறையும். மீனவரான றிஸ்வானின் வாப்பாவுக்கோ அப்போது கடலில் இறங்க நேவியின் அனுமதியில்லை. வீட்டில் சம்பளம் எடுக்கக்கூடியவன் இவன் ஒருவன்தான். எங்கள் வரிசையில் அவன் எட்டாவது.

எட்டாம் நம்பர் ஸ்டிக், எட்டாம் இடம். எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்டோர் வாசலிலேயே குந்தியிருந்து, ஒவ்வொருவன் பெயருக்கு நேரே அவன் பிடித்த ஸ்டிக்கின் நம்பரை எழுதிப் பார்த்தேன். முதல் மூன்று இடங்களும் அப்படியே பொருந்தின. கடைசி இரண்டும் அப்படியே. நடுவில்தான் கொஞ்சம் முன்பின். நகரத்துப் பெடியள் முதலில் வந்து நல்லதை எடுத்தார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்தவனுக்கு நடுத்தரம். கடல் கடந்து வந்தவனுக்கு வெடித்தது.

கோச்சிடம் காட்டினேன்.

“நம்பர் போட்டது ஆர்?”

“நான்தான்.”

“நல்லதில இருந்து தொடங்கிப் போட்டீரோ?”

“ஓம். பழுதானதை ஒண்டு எண்டு எழுத மனம் வரேல்லை.”

“அப்ப நாங்கள் மூண்டு கிழமையாப் பெடியளுக்கு மாக்ஸ் போடேல்லை, விறகுக்குப் போட்டிருக்கிறம்!”

இருவரும் மனேஜரிடம் போய்ச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “முதல் ரெண்டு பேரையும் நான் கொழும்புக் கந்தோருக்குப் போனில சொல்லியாச்சு. ஒரு தடிக்கு இவ்வளவு கதையா?”

“சேர், பழுதான கிரேனில நிக்கிறவன் குறைய மூட்டை இறக்கினா, அவனைச் சோம்பேறி எண்டு எழுதுவீங்களோ?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நாளைக்கு ஒரு ஆட்டம். அதுதான் கடைசி.”

3. விசில்

அந்தக் கடைசி ஆட்டத்துக்குக் கோச்சும் நானும் ஒரு விதி வைத்தோம்: விசில் ஊதும் ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்கை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். ஏழு விசில், எல்லோர் கையிலும் எல்லா ஸ்டிக்கும். றிஸ்வான் கைக்கு ஒன்றாம் நம்பர் போனபோது, பழகிய பாரம் இல்லாததால் முதலில் பந்து அவனை விட்டு ஓடியது. பிறகு பிடித்துக்கொண்டான். வெடித்த ஸ்டிக்கில் பந்தை நிறுத்தப் பழகியவனின் கை, நல்ல ஸ்டிக்கில் பஞ்சு போல இருந்தது.

அதுவரை இரண்டாம் இடத்தில் இருந்தவன் சேகர். வீடு மைதானத்துக்குப் பக்கத்துத் தெரு. அவன் கைக்கு எட்டாம் நம்பர் வந்ததும் இரண்டு பந்தைத் தவறவிட்டான்.

“சேர், இது ஸ்டிக்கோ, அகப்பையோ?”

எதிர்ப்பக்கத்திலிருந்து றிஸ்வான் கத்தினான்: “மூணு கிழமை அதாலதான் மச்சான் நான் சோறு கிண்டினேன்!”

மைதானமே சிரித்தது. சேகரும் சிரித்தான்.

அன்றைய மாக்ஸை மட்டும் கூட்டிப் பார்த்தோம். முதலாமவன் முதலாமவனாகவே இருந்தான். றிஸ்வான் இரண்டாவது. சேகர் மூன்றாவது, அரை மாக்ஸ் குறைவு. நான்கு தடவை கூட்டினேன். அரை அரையாகவே இருந்தது.

மறுநாள் சேகர் ஸ்டோருக்கு வந்தான்.

“சேர், நான் நேரத்துக்கு வந்தது பிழையோ?”

“இல்லைத் தம்பி.”

“வீடு கிட்ட இருந்தது என்ட குற்றமோ?”

“இல்லை.”

அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்டிக்குகளை எண்ணத் தொடங்கினேன். றிஸ்வானின் அட்டைக்குப் படம் ஒட்டிய அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது சரி என்று தெரிந்தும் இறங்கவில்லை.

4. சீட்டு

அடுத்த வருடம் சேகர் இன்னொரு கம்பனியின் அணிக்காக எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தான். பக்கத்துக்கு எட்டுப் பேர் ஆடும் ஆட்டம்; சென்றியால் ஸ்டிக் கொண்டுவர முடியாததால் அவர்களுக்கும் எங்கள் ஸ்டோர் ஸ்டிக்தான். அதற்குள் நான் சீட்டுக் குலுக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தேன். நம்பர் எழுதிய சீட்டுகள் போட்ட பால்மா டின்னை நீட்டினேன். சேகர் கையை விடவில்லை.

“சீட்டு வேண்டாம் சேர். எட்டைத் தாங்கோ.”

“தம்பி, அது வெடிச்சது.”

“தெரியும். எங்கட கம்பனி ஸ்டோரிலயும் இதுபோல ஒரு எட்டாம் நம்பர் கிடக்கு. வருசம் முழுக்க அதாலதான் அடிச்சனான்.”

ஒரு கோலால் தோற்றோம். அடித்தவன் சேகர். தடுக்கப் போய் ஏமாந்து நின்றவன் றிஸ்வான். ஆட்டம் முடிந்ததும் றிஸ்வான் போய் அந்த ஸ்டிக்கின் கழுத்தைத் தடவிப் பார்த்தான். அவன் சுற்றிய தங்கூசி அப்படியே இருந்தது.

“பார்த்தீங்களா சேர்? சொந்தக்காரன் எண்டும் பார்க்காம எனக்கே அடிச்சிட்டார்!”

தெரிவுக் குழுவில் உட்காரப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாக்ஸ் போடுமுன் யார் கையில் எது இருக்கிறது என்று பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகும் இரண்டாமவனுக்குக் கீழே ஒரு கோடு விழத்தான் செய்யும். அந்தக் கோட்டைப் போட்டவர் நீங்கள் என்பதை மூன்றாமவன் கேட்க வரும்போது மறைக்காதீர்கள். அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

சேகர் கோல் அடித்த அன்று, வாசலில் கணக்குச் சொல்ல ஒரே தடவைதான் எண்ணினேன். எட்டும் இருந்தன.