அக்குறணையில் மீன்கள் மூச்சுத் திணறிய காலை

சித்திரைப் புத்தாண்டு முடிந்த அடுத்த வாரம், பாடசாலை விடுமுறையில் இந்தப் பயணம் போனேன். நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். மதியச் சாப்பாட்டில் வாரம் ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு மீன் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பெற்றோர் சங்கத்தின் ஆசை. கடல் மீன் எங்கள் மலைக்கு வந்து சேரும்போது அதன் விலையும் ஏறிவிடுகிறது, கண்ணும் சிவந்துவிடுகிறது. கடல் கொந்தளித்தால் அதுவும் வராது. கொஞ்ச காலமாக அடிக்கடி கொந்தளிக்கிறது.

பாடசாலைக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் மீன் வளர்க்கலாமா என்று கேள்வி வந்தது. "டீச்சர்தான் லீவுல சும்மா இருப்பாங்க, போய்ப் பார்த்துட்டு வரட்டும்" என்று சங்கத் தலைவி செல்வி சொன்னார். லீவில் டீச்சர்மார் சும்மா இருப்பதில்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அக்குறணையில் ரிஸ்வானா என்ற பெண் வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் வளர்ப்பதாக ஒரு தோழி சொல்லி, தொலைபேசி எண்ணும் தந்தாள். அழைத்தேன். "வந்து ஒரு நாள் தங்கிப் பாருங்க அக்கா. பகல்ல மட்டும் பார்த்தா ஒண்டும் வெளங்காது" என்றார் ரிஸ்வானா. அதன் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை 6.20க்கு நாவலப்பிட்டியில் பஸ் ஏறினேன். கண்டிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். நான் கொடுத்தது 170 ரூபா. புத்தாண்டு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களின் கூட்டம், கம்பளை வரை நின்றுகொண்டே போனேன். கம்பளையில் பாதிப் பேர் இறங்கியதும் ஜன்னலோரம் கிடைத்தது. மகாவலி ஆறு மெலிந்து, பாறைகள் வெளியே தெரிய ஓடிக்கொண்டிருந்தது. பேராதனையில் வழக்கமான நெரிசல். கண்டியை அடைய 8.25 ஆகிவிட்டது. பஸ் நிலைய வேலைகள் நடப்பதால் மாத்தளைப் பக்கம் போகும் பஸ் எங்கே நிற்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பதில்கள் வாங்கினேன். இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி.

கண்டியிலிருந்து அக்குறணை பத்துக் கிலோமீற்றர். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலையும் சேர்த்து நாற்பத்தைந்து நிமிடம், 60 ரூபா. அங்கிருந்து ரிஸ்வானா வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். ஓட்டோவுக்கு 250 ரூபா என்றார் சாரதி. பேரம் பேசவில்லை, வெயில் அப்படி.

"மீன் ஊடுதானே?" என்று அவரே கேட்டார். "தெரியும். அவங்கட மீனை நானும் புடிச்சீக்கிறேன்."

"வேலை செஞ்சீங்களா அங்க?"

"இல்ல டீச்சர். வெள்ளத்துல! பிங்கா ஓயா பெருகி ரோட்டுக்கு வந்திச்சில்ல, அவங்கட குளம் ஒடஞ்சி மீனெல்லாம் டவுனுக்கு வந்திட்டுது. புடவைக் கடை வாசல்ல வச்சி நான் ரெண்டு புடிச்சேன்." கொஞ்ச தூரம் போனதும், "பொறகு அவங்களுக்குச் சொன்னேன். சிரிச்சாங்க. ஆனா எனக்குத்தான் ஒரு மாதிரியாப் போச்சி" என்றார்.

ரிஸ்வானாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்தவர். பிங்கா ஓயா ஆற்றுக்குப் பக்கத்துத் தாழ்ந்த காணியில் மண்குளம் வெட்டித்தான் தொடங்கினாராம். வெள்ளம் ஒரே பொழுதில் அத்தனையையும் கொண்டுபோனது. "முந்தி மழை எப்ப வரும் எண்டு ஒரு கணக்கு ஈந்திச்சி. இப்ப வந்தா ஒரேயடியாக் கொட்டுது, இல்லாட்டி மாசக்கணக்கா இல்ல. அதனால மேட்டுக்கு ஏறிட்டேன்" என்றார்.

மேட்டில், வீட்டுக்குப் பின்னால் மூன்று வட்டமான சீமெந்துத் தொட்டிகள். ஒவ்வொன்றும் பதினைந்து அடி அகலம், நான்கு அடி ஆழம். எல்லாவற்றிலும் திலாப்பியா. கூரையில் விழும் மழை ஒரு பெரிய தாங்கியில் சேர்கிறது. மீன் கழிவு கலந்த தண்ணீர் குழாய் வழியே கங்குன் கீரைப் பாத்திக்கும் கத்தரிப் பாத்திக்கும் போய், வடிந்து, மறுபடி தொட்டிக்கே வருகிறது. தீனிக்குத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, ஒரு மூலையில் வளர்க்கும் பாசி. "கடல் மீனை அரைச்சி இந்த மீனுக்குப் போட்டா, கடலுக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். தொட்டிகளின் அடியிலிருந்து ஒரு மோட்டார் காற்றைக் குமிழ் குமிழாக விட்டுக்கொண்டே இருந்தது. அந்த உறுமல் வீட்டுக்குள்ளும் கேட்டது.

மூன்றாவது தொட்டியில் இருந்தவை விற்பனைக்குத் தயாரானவை, நானூறு அளவில். சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் ஒரு விடுதிச் சமையற்கூடத்துக்குப் போக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு ரிஸ்வானாவின் முதல் அறுவடை அது.

பின்னேரம் இடி இடித்துத் தொடங்கிய நல்ல மழை இரவிலும் விடவில்லை. இரவுச் சாப்பாட்டில் ரிஸ்வானாவின் கணவர் நவாஸ் சேர்ந்துகொண்டார். டவுனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். என்னை அன்பாக உபசரித்தார், ஆனால் மீன் பேச்சு வந்ததும் முகம் மாறியது.

"டீச்சர், நான் உள்ளதச் சொல்றேன். ஒரு தரம் வெள்ளத்துல போச்சி. இந்தத் தரமும் போனா, இதோட சரி. அந்த எடத்துல டயர் ஸ்டோர் கட்டப் போறேன்."

ரிஸ்வானா எனக்கு இன்னொரு அகப்பை சோறு வைத்தார். நான் மறுக்காமல் சாப்பிட்டேன், வேறென்ன செய்வது.

காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ கதவைத் தட்டும் சத்தத்தில் எழும்பினேன்.

"அக்கா! அக்கா, கொஞ்சம் வாங்களேன்! மீனெல்லாம் மேல வந்தீக்குது!"

வெளியே ஓடினேன். மின்சாரம் இல்லை. மழையில் எங்கோ ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்திருக்கிறது. மோட்டாருக்காக வைத்திருந்த சிறிய பெட்டரி விடியும்வரை தாங்கும் என்று ரிஸ்வானா நம்பியிருந்தார், அது இடையிலேயே இறங்கிவிட்டது. தொழுகைக்கு எழும்பியவருக்கு மோட்டாரின் உறுமல் கேட்கவில்லை. அதுதான் அவரைத் தொட்டிக்கு ஓட வைத்தது.

டோர்ச் வெளிச்சத்தில் மூன்றாவது தொட்டியைப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். மேற்பரப்பு முழுக்க வாய்கள். நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள் தண்ணீருக்கு மேலே திறந்து திறந்து மூடின. பளக், பளக் என்ற சத்தம். ஓரத்தில் சில மீன்கள் ஏற்கெனவே வயிறு தெரியக் கிடந்தன.

"காத்து இல்ல தண்ணில" என்றார் ரிஸ்வானா. "விடியக் காலைலதான் தண்ணில காத்து ஆகக் கொறையிற நேரம். நேத்துச் சூடு வேற. நிறை கூடட்டும் எண்டு பின்னேரம் தீனியும் கூடப் போட்டுட்டேன். ஏன்ட பிழை அக்கா, ஏன்ட பிழை."

"அதப் பொறகு பேசுவோம். இப்ப நான் என்ன செய்யணும்?"

வாளியைக் கையில் தந்தார். தொட்டித் தண்ணீரை அள்ளி, முடிந்த அளவு உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். அவர் மழைத் தாங்கியின் குழாயைத் திறந்துவிட்டார். இரவு மழையில் தாங்கி நிரம்பி இருந்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை, மேட்டிலிருந்து தானாகவே பாய்ந்தது. மீன்கள் அந்தத் தண்ணீர் விழும் இடத்துக்கு முண்டியடித்து வந்தன.

நவாஸ் வெளியே வந்து ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரிஸ்வானா தலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வந்தது.

பத்து நிமிடத்தில் என் தோள் விட்டுப்போனது. அப்போது கீழே பாதையில் பேச்சுச் சத்தம். பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு வீடு திரும்புகிறவர்கள். ரிஸ்வானா மதிலோரம் ஓடி, அண்ணன்மாரை அழைப்பதுபோல் "நானா! வாளி எடுத்துட்டு வாங்களேன், மீனெல்லாம் மவுத்தாகப் போகுது!" என்று கூப்பிட்டார். ஒருவர் வந்தார், பிறகு நால்வர், பிறகு பதினொரு பேர். வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியைச் சுற்றி நின்று அள்ளி அள்ளி ஊற்றினார்கள். என்னை ஓட்டோவில் கொண்டுவந்து விட்ட சாரதியும் அதில் நின்றார். யாரையும்விட உயரத்திலிருந்து ஊற்றியது அவர்தான்.

5.40க்கு மோட்டார் சைக்கிள் சத்தம். நவாஸ் வந்தார். பின்னால், கயிற்றால் கட்டிய பெரிய லொறி பெட்டரி ஒன்று. கடையைத் திறந்து எடுத்து வந்திருக்கிறார். இரண்டு பேர் அதைத் தூக்கி இறக்கினார்கள். பழைய சிறிய பெட்டரியைக் கழற்றி வீசிவிட்டு இதைப் பொருத்தினார். அவசரத்தில் முதல் தரம் கம்பி பொருந்தவில்லை. இரண்டாம் தரம் மோட்டார் உறுமியது. மூன்று தொட்டிகளிலும் குமிழ்கள் எழும்பின.

எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். வாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. நன்றாக விடிந்தபோது மேற்பரப்பு வெறுமையாக இருந்தது. செத்தவை முப்பத்தொன்று. ரிஸ்வானா அவற்றைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டு, அப்படியே தொட்டி விளிம்பில் குந்தி அழுதார். நவாஸ் பக்கத்தில் போய் நின்று, "ஏன் அழுறீங்க, மத்ததெல்லாம் ஈக்குதே" என்றார். வந்தவர்கள் எல்லோருக்கும் இஞ்சிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தது நான்.

மின்சாரம் 8.15க்கு வந்தது. பத்து மணியளவில் நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது கூரையில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் நவாஸ், அளவு நாடாவோடு.

"என்ன நானா அளக்குறீங்க?"

"சோலர் எத்தனை போடலாம் எண்டு பாக்கிறேன் டீச்சர். கரண்டை நம்பி ஈக்க ஏலாது."

"டயர் ஸ்டோர்?"

"டயரை எங்கயும் வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் அளக்கப் போனார்.

சனிக்கிழமை மீன்கள் சொன்னபடி போய்ச் சேர்ந்ததாக ரிஸ்வானா அழைத்துச் சொன்னார்.

இதே நோக்கத்தில் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். புத்தாண்டை ஒட்டிய வாரத்தையும் பெரஹரா ஊர்வல நாட்களையும் தவிருங்கள், கண்டிக்குள் நுழையவே ஒரு மணித்தியாலம் வீணாகும். அக்குறணையில் வெள்ளிக்கிழமை நண்பகல் கடைகள் பூட்டியிருக்கும், சாப்பாட்டை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கடும் மழையென்றால் டவுன் வழியே போகாதீர்கள். எனக்குப் போக வரச் செலவு 960 ரூபா. மீன் வளர்க்கும் இடத்தைப் பார்க்கப் போனால், தங்க முடியுமா என்று கேளுங்கள். மீன் எவ்வளவு வளரும் என்பதைப் பகலில் யாரும் சொல்வார்கள். எப்படிச் சாகும் என்பதை விடியற்காலையில்தான் தெரிந்துகொள்ளலாம்.

நான் திரும்பி வந்து சங்கத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், முப்பத்தொன்றையும் சேர்த்து. "அப்ப நமக்கு மோட்டாரே வேணாம்" என்றார் செல்வி. அதுவே முடிவானது. மலையிலிருந்து இறங்கும் ஊற்று நீரை ஒரு குழாயில் எடுத்து, தொட்டியில் உயரத்திலிருந்து இரவு பகல் விழ விட்டிருக்கிறோம். எங்கள் குளிருக்குத் திலாப்பியா மெதுவாகத்தான் வளரும் என்று ரிஸ்வானா எச்சரித்ததால் கெண்டைக் குஞ்சுகள் விட்டோம், அறுபது மட்டும். ஆறேழு குஞ்சுகளை மீன்கொத்தி கொண்டுபோன பிறகு மேலே வலை கட்டினோம்.

போன மாதம் முதல் தடவையாகப் பிள்ளைகளின் சாப்பாட்டில் அந்த மீன். ஆளுக்கு ஒரு சிறு துண்டுதான் வந்தது. மூன்றாம் வகுப்புச் சங்கவி தன் துண்டை முடித்துவிட்டு, அடுத்த முறை எப்போது என்று கேட்டாள். திகதியையும் மாதத்தையும் என்னால் சொல்ல முடிந்தது. கடல் மீனுக்கு அப்படி ஒரு பதிலை நான் ஒருநாளும் சொன்னதில்லை.