கிளப்புக் கடைக்குள் ஒரு சாயங்காலம்

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே அன்று சாயங்காலம் அவர் என்ன தின்றுவிட்டு வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடும். வெங்காய சாம்பார் சட்டையில் மணக்கும். நெய் தோசை விரலில் மணக்கும். வெறும் காபி என்றால் ஆள் கொஞ்சம் கடுகடுப்பாக இருப்பார். கூட்டாளிகள் யாரும் அன்று அகப்படவில்லை என்று அர்த்தம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் அவருக்கு வேலை. கடை சாத்தியதும் நேரே வீட்டுக்கு வருகிற வழக்கம் அவருக்கு மட்டுமல்ல, எங்கள் சந்தில் எந்த ஆணுக்கும் கிடையாது. கடைவீதிக்குப் போவார்கள். எங்கள் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியிருந்த காலம் அது. முன்பு அங்கே போய்க்கொண்டிருந்தவர்களும் போகாதவர்களும் இப்போது சேர்ந்தாற்போல் காபி கிளப்பில் உட்கார்ந்தார்கள். கிளப்பு என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பலகாரமும் காபியும் போடுகிற ஹோட்டலைத்தான் அப்படிச் சொல்வோம்.

தின்றுவிட்டுச் சும்மா வந்து படுத்தாலும் பரவாயில்லை. அவருக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

"இன்னிக்குத் தோசை பாரு புள்ள, ஓரமெல்லாம் அப்பளமாட்டம் மொறுமொறுன்னு. கல்லுல இருந்து எலைக்கு வாரப்பவே சத்தம் கேக்குது. அந்தச் சட்னிய நீ பாக்கோணும்!"

நான் எங்கே பார்ப்பது? நான் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருப்பேன். தின்பதற்கு அவர், கேட்பதற்கு நான் என்று ஆகிவிட்டது.

நான் பிறந்தது சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். பொழுது இறங்கினால் அங்கே நாய் குரைப்பது தவிர வேறு சத்தம் இருக்காது. அந்த ஊரை விட்டு வந்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. டவுனில் மாப்பிள்ளை என்று சொன்னபோது வீட்டிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். மின்சார விளக்கு எரிகிற கடைவீதியில் பூ வைத்துக்கொண்டு நடப்பதாகவும், விதவிதமாகத் தின்பதாகவும் மனசுக்குள் படம் போட்டு வைத்திருந்தேன். வந்து பார்த்தால், கூப்பிடு தூரத்தில் கடைவீதி இருக்கிறது, நான் சந்துக்குள் இருக்கிறேன். ஊரில் இருந்தபோதாவது இல்லாததற்கு ஏங்கவில்லை.

கேட்டேன். கேட்காமல் இல்லை.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்களே."

"அது பொம்பளைங்க வார எடமா? கட்டித் தரச் சொல்லி வாங்கியாரேன்."

வாங்கி வந்தார். வாழை இலையில் மடித்து, மேலே காகிதம் சுற்றி, வாழைநாரால் கட்டின தோசை. பிரித்தால் ஈரத்துணி மாதிரி தொங்கும். சட்னி ஊறி, ஓரம் எது நடு எது என்று தெரியாது. "எப்புடி?" என்று அவர் முகத்தைப் பார்ப்பார். நான் குனிந்து தின்பேன். மொறுமொறுப்பைப் பற்றி அத்தனை பேச்சுக் கேட்டுவிட்டு அதைத் தின்பதற்கு, கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தது. அந்த நாட்களில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தெருவில் இருப்பார்கள், யாரும் எதுவும் சொல்ல முடியாது. சாமி கும்பிட்டுத் திரும்புகிற வழியில், நான் வாயைத் திறக்காமலே, அவராகவே அந்தக் கிளப்பின் முன்னால் நின்றார். "வா" என்றார். எனக்கு அம்மனே வரம் கொடுத்த மாதிரி இருந்தது.

உள்ளே போனதும் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி பின்பக்கம் கையைக் காட்டினார். முன்னால் பெரிய கூடம், பளிங்கு மேஜைகள், விளக்கு வெளிச்சம். அதற்கு அடுத்தாற்போல் பிராமணர்களுக்கு என்று தனியாக ஒரு கட்டு. அதையும் தாண்டிப் போனால் சமையற்கட்டை ஒட்டி ஓர் ஒடுங்கின அறை, பாதிச் சுவர் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. குடும்பத்துப் பெண்கள் வந்தால் அங்கேதான். அதுகூட இல்லாமல், வாசலுக்கு வெளியே நின்று கொட்டாங்குச்சியில் காபி வாங்கிக் குடித்தவர்களையும் உள்ளே வரும்போது பார்த்தேன்.

வீட்டுக்காரர் என்னை ஒரு பலகையில் உட்கார வைத்து, சர்வரிடம் ஒரு தோசை சொன்னார். அதற்குள் கூடத்திலிருந்து யாரோ அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இரு, ஒரு வார்த்தை பேசிட்டு வந்தர்றேன்" என்று போனார்.

போனவர் போனவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுப்புப் புகை என் பக்கமாகத் திரும்பிக் கண்ணைக் கரித்தது. சர்வர் இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனான், இரண்டு முறையும் கையில் தோசை. இரண்டும் கூடத்துக்குப் போயின. மூன்றாவது முறை நானே கூப்பிட்டேன்.

"தோசை சொல்லியிருந்துதுங்க."

"கூடத்துல கூட்டமுங்க. இட்லி இருக்குது, தரட்டுங்களா?"

ஆறிப்போன இட்லி வந்தது. நான் தின்று, கை கழுவி, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். "சாப்ட்டயா? தோசை எப்புடி?" என்றார். அன்று வீடு வரைக்கும் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசவில்லை என்பதையே அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். நெசவுக் குடும்பம். வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அக்கா ராட்டினத்தில் நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். சேலத்திலேயே பிறந்து சேலத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். விறகு அறைக் கதையை அவளிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். ராட்டினத்தை நிறுத்திவிட்டாள்.

"நீயாவது உள்ள போயிட்டு வந்தே. நான் இந்த ஊர்லயே பொறந்தவ. அந்த வாசல்ல காலை வெச்சதில்ல, தெரியுமா?"

"நாம ரெண்டு பேரும் போனா என்னுங்க்கா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"போனா என்ன?" என்றாள் அக்கா. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

டாக்கி பார்க்கப் பெண்கள் சேர்ந்து போவதை அப்போது வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் எங்களுக்கு என்று இடுப்பளவு சுவர் வைத்துத் தனிப் பக்கம் இருந்தது. அடுத்த கோடையில் ஒரு நாள் பகல் ஆட்டத்துக்குப் போனோம். என்ன படம் ஓடியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அக்காவும் நானும் படத்தையா பார்த்தோம்? ஆட்டம் விட்டு வெளியே வந்தபோது கடைவீதியில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாம்பழக் காலம். தட்டுக்கூடைகளில் பழம் மலை மலையாகக் குவிந்து தெருவே மணத்தது. வறுத்த கடலைக்காரன் சட்டியைத் தட்டினான், நன்னாரி சர்பத்துக்காரன் கண்ணாடி தம்ளர்களைக் கழுவி அடுக்கினான். எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கிளப்பிலிருந்து கல்லில் தண்ணீர் தெளிக்கிற சொய்யென்ற சத்தம். அக்கா என் கையைப் பிடித்தாள். அப்படியே உள்ளே ஏறினோம்.

கல்லாக்காரர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க வாராங்களா?"

"இல்லைங்க. நாங்க ரெண்டு பேருதான்" என்றேன்.

"கட்டித் தரச் சொல்றேன். அப்படி ஓரமா நில்லுங்க."

"கட்டினது வேண்டாமுங்க. கட்டினதைத் தின்னு தின்னு அலுத்துப்போச்சு."

"உள்ள எடமில்லீங்களே."

கூடத்தில் நாலு மேஜை காலியாக இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு நேரே போய்த் தெருவோரத்து மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

கூடம் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் தன் காபியை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். யாரோ மெதுவாக என்னவோ சொல்ல, மூலையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சர்வர் வரவில்லை. எங்களைச் சுற்றிக்கொண்டு போனான், வந்தான். தண்ணீர்கூட வைக்கவில்லை. வெளியே போகச் சொல்லிச் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். இல்லாத ஆட்கள் மாதிரி எங்களை நடத்தியதற்கு என்ன பதில் சொல்வது?

"போயிர்லாமாக்கா?" என்றேன்.

"தோசை வரட்டும்" என்றாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வந்தார். கல்லாக்காரர் ஆள் அனுப்பினாரா, வழக்கம்போல வந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் கூட்டாளிகள் இரண்டு பேர். வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கூடம் முழுக்க இப்போது அவரைப் பார்த்தது.

கல்லாக்காரர், "உங்க ஊட்டுல வந்திருக்காங்க" என்றார், ரொம்ப மரியாதையாக.

எழுந்திரு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் எழுந்திருக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவர் காது மடல் சிவந்திருந்தது. அத்தனை பேர் பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போவதைவிட உட்கார்ந்துவிடுவது அவருக்குச் சுலபமாகப் பட்டிருக்க வேண்டும். விறுவிறுவென்று வந்து எதிரே உட்கார்ந்தார். சர்வரைப் பார்த்து, "மூணு தோசை" என்றார்.

உடனே வந்தது! தண்ணீர் வந்தது, இலை வந்தது, மூன்று தோசையும் ஒரே நேரத்தில் வந்தன. இத்தனை நேரம் நானும் அக்காவும் வாயிருந்தும் ஊமையாக உட்கார்ந்திருக்க, அவருடைய ஒரு சொல்லுக்குக் கல் காய்ந்துவிட்டது, மேஜையில் இடம் வந்துவிட்டது.

தோசை அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. ஓரம் பொன் நிறம். விண்டால் நொறுங்கியது. விரல் சுட்டது. நல்ல தோசைதான். ஆனால் எதிரே அவர், "வெரசாத் தின்னு, வெரசாத் தின்னு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். எந்தக் கவளத்துக்கும் ருசி தெரியவில்லை. இத்தனை நாள் காத்திருந்து, கிடைத்ததை மருந்து மாதிரி விழுங்கினேன்.

அக்கா மட்டும் அவசரப்படவில்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விண்டு, சட்னியில் தொட்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தின்றாள். முடித்ததும் சர்வரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொன்னு கொண்டா."

சர்வர் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். பிறகுதான் அவன் நகர்ந்தான். அக்கா கேட்டதற்கும் அவர்தான் தலையாட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது அவர் முன்னால் வேகமாக நடந்தார். நாங்கள் பின்னால். கதவைச் சாத்தினதும் ஆரம்பித்தார்.

"நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போறது?"

"இருக்கிற மூஞ்சிய வெச்சுக்கிட்டுத்தான். தோசை தின்னதுக்கு மூஞ்சி எதுக்குங்க மாறோணும்?"

"எதுத்துப் பேசாத."

"தெனமும் வந்து சொன்னீங்களே, நீ பாக்கோணும், நீ பாக்கோணும்னு. போய்ப் பாத்தேன்."

அதோடு அவர் என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அந்தக் கிளப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, பழைய பஸ் நிற்கிற இடத்துப் பக்கம் வேறொரு கடைக்குப் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாள் கழித்துப் பேச்சு வந்தது. ஆனால் தின்றதைப் பற்றிச் சொல்வது மட்டும் திரும்ப வரவில்லை. எது நடந்ததோ இல்லையோ, அந்தத் தொல்லை ஒழிந்தது.

அக்கா வீட்டில் அவளுக்குக் கொட்டகை தடைபட்டது. அவள் மாமியாருக்கு யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். "தோசைக்காகத் தறிக்காரன் பொண்டாட்டி கிளப்புல குந்துனாளாம்" என்று சந்தில் பேசினார்கள். அக்காவின் ராட்டினம் முன்பைவிட வேகமாகச் சுற்றியது.

பிறகு உலக யுத்தம் வந்து முற்றியது. அரிசி கூப்பனுக்கு வந்தது. கிளப்புகளில் பாதி நாள் தோசையே கிடையாது, சோளமும் கோதுமையும் கலந்து என்னவோ சுட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. ஆண்கள் வருவது குறைந்ததும், அந்தக் கல்லாக்காரருக்குப் பெண்கள் நினைவு வந்தது. கூடத்தில் தெருவோரமாக ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தி, அதற்குப் பின்னால் இரண்டு மேஜை போட்டு, "பெண்கள்" என்று பலகை மாட்டினார். துணை வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஒரு சாயங்காலம் நானும் அக்காவும் போனோம். இந்த முறை அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டே வந்தாள். எங்களுக்கு முன்னாலேயே அங்கே மூன்று பெண்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோதுமை தோசை ரப்பர் மாதிரி இருந்தது. ஆனாலும் கேட்டதும் கொண்டுவந்து வைத்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குறை ஒன்றுதான். தட்டி கண் உயரத்துக்கு மேல் இருந்தது. விளக்கு, பூக்காரி, போகிற வருகிற ஜனம், ஒன்றும் தெரியவில்லை. இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று எனக்கு எரிச்சல் வந்தது. சர்வரைக் கூப்பிட்டேன்.

"இந்தத் தட்டியக் கொஞ்சம் நகத்தி வையுங்க. தெருவு தெரியட்டும்."

அவன் தலையைச் சொறிந்தான்.

"மொதலாளியக் கேக்கோணுமுங்க" என்றான்.

"போய்க் கேட்டுட்டு வா, நாங்க இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டாவது காபி கேட்டாள்.