மகள் விட்டுப்போன பல்லி

போன வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

சுவரில் பல்லி கத்தினாலே துள்ளிக் குதிக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட என் தலையில், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன மகள் ஒரு வெளிநாட்டுப் பல்லியைக் கட்டிவிட்டுப் போனாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. முறைப்படி பதிவு செய்து, கண்ணாடித் தொட்டியில் வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தாள். விடுதியில் அதற்கு அனுமதி இல்லை. "ஒன்னைய நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்" என்று அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

மழை பிடித்ததும் அது தீனியாகப் போட்ட புழுவைத் தொடவில்லை. "வயித்துக்குக் கீழ சூடு இருந்தாத்தான் அதுக்குச் செரிக்கும்மா" என்று மகள் போனில் சொல்லி, தொட்டிக்கு அடியில் வெளிப்பக்கம் ஒட்டுகிற கரண்ட் சூட்டு விரிப்பையும், சூடு மீறாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டையும் கூரியரில் அனுப்பினாள். விரிப்பு தொட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மக்ரூன் மாஸ்டர். முட்டை வெள்ளையில் முந்திரியைச் சேர்த்து, இளஞ்சூட்டில் அந்த இனிப்பை வெளேரென்று சுட்டு எடுப்பதில் கைதேர்ந்தவர். தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து எல்லா மூலைக்கும் ஒரே சூடு கொடுத்தே பழகியவருக்கு அந்தச் சின்ன விரிப்பு பிடிக்கவே இல்லை.

"ஏளா, ஒரு பக்கம் மட்டும் சூடு குடுத்தா அந்தப் பக்கம் கருகும், இந்தப் பக்கம் பச்சையா நிக்கும். சூட்டைப் பத்தி எனக்கா சொல்லித் தாரா ஒம் மவ?"

இன்னும் இரண்டு விரிப்பு வாங்கிவந்து அடி முழுக்க ஒட்டினார். சூடு உறைக்காமல் இருக்கட்டும் என்று உள்ளே மணலைக் கனமாகப் பரப்பினார். தெர்மோஸ்டாட்டை டப்பாவிலிருந்து எடுக்கவே இல்லை. மணல் மேல் உள்ளங்கையை வைத்து, "இதமா இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அவருக்குத் தெரியாத சூடா என்று நானும் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால், பல்லி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வயிறு முங்கப் படுத்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது! மணலுக்குள் விரலை விட்டேன். மேலே இதம், அடியில் கண்ணாடி சுரீரென்று சுட்டது. மணல் சூட்டை மேலே விடாமல் கீழேயே பிடித்து வைத்திருந்தது. பல்லியோ தோண்டிப் படுக்கிற ஜாதி.

சுவிட்சை அணைத்தேன். பிறகு கையை நீட்டி அதை அள்ளியே எடுத்துவிட்டேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயப்படக்கூட எனக்கு நேரமில்லை. மகளை வீடியோவில் கூப்பிட்டு அதன் வயிற்றைக் காட்டினேன். சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. "தப்பிச்சிருச்சும்மா" என்றாள் மகள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சாப்பிட வந்த மனுஷன் திகைத்துப் போனார். "எல்லாப் பக்கமும் சமமாத்தானளா குடுத்தேன்?"

"ஒங்க மக்ரூனுக்குக் காலா இருக்கு? வச்ச எடத்துல கெடக்கும். இதுக்கு நாலு கால் இருக்குல்லா. சூடு வேணும்னா வரும், போதும்னா எந்திரிச்சுப் போவும். போவ எடம் வேண்டாமா?"

அவர் போய் தெர்மோஸ்டாட் டப்பாவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

அன்றைக்கே மணலை அள்ளிக் கொட்டிவிட்டுக் காகிதத் துண்டு விரித்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் விரிப்பு. அடியில் காற்றோட, தொட்டியின் நாலு மூலைக்கும் மரக்கட்டை. தெர்மோஸ்டாட்டின் சூடு பார்க்கும் வயர் நுனியை விரிப்புக்கு நேர் மேலே கண்ணாடியில் ஒட்டி, மகள் சொன்ன முப்பத்தொரு டிகிரியில் வைத்தேன். சாயங்காலம் பல்லி குளிர்ந்த பக்கத்திலிருந்து மெல்ல நடந்து வந்து, சூட்டின் மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்தது. இரண்டொரு நாளில் என் கையிலிருந்தே புழுவை லபக்கென்று பிடுங்கியது.

பொங்கலுக்கு வந்த மகள் நன்றாகத் தின்று கொழுத்திருந்த அதன் வாலைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். இவரோ பேக்கரியில் யாரிடம் பேசினாலும், "பல்லிக்குச் சூடு வைக்கணும்னா எங்க வீட்டம்மாட்ட கேளுங்க அண்ணாச்சி" என்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு உயிருக்கு என்ன வேண்டும் என்பதை அதைப் பார்த்தே என்னால் தெரிந்துகொள்ள முடியும் என்ற தைரியம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. என்னை நம்பி ஒரு உயிரை யார் வேண்டுமானாலும் விட்டுப் போகலாம் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.